இரட்டைப் புரொப்பெல்லர் வந்த ஞாயிறு

படகைப் பின்னால் எடுப்பதற்கு முன் மாமா ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுவதுமாக ஒடித்து வைத்துக்கொள்வார். அதன் பிறகுதான் ரிவர்ஸ் போடுவார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை லீவரில், முகம் மட்டும் தோளுக்கு மேல் திரும்பியிருக்கும். பார்ப்பவர்களுக்குப் படகு வலப்பக்கம் போய் முட்டப் போகிறது என்று தோன்றும். முட்டாது. இரண்டு மிதவைகளுக்கு நடுவிலிருந்து கோடு போட்டதுபோல நேராகப் பின்வாங்கி ஏரிக்குள் போகும். அந்தப் படகுக்கு ஒற்றைப் புரொப்பெல்லர். ஒரே பக்கமாகச் சுற்றுகிற ஒற்றைப் புரொப்பெல்லர் ரிவர்ஸில் படகின் பின்பக்கத்தை இடப்புறமாக இழுத்துக்கொண்டு போகும். அதைச் சரிக்கட்டத்தான் மாமா முன்கூட்டியே வலப்பக்கம் ஒடிப்பார். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவரும் யாருக்கும் விளக்கியதில்லை. சோறு பிசையும் கைபோல அந்தக் கை தானாகப் போகும். அந்தக் கையைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். அதற்கு நான் செய்ததைப் பற்றியும்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் படகு ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பாமல் புனேவை ஒட்டிய தாபோடியிலேயே தங்கிவிட்டார். புனேவுக்கு மேற்கே மலைகளுக்கு நடுவில் ஓர் அணைத் தண்ணீர். அதன் கரையில் பணக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து விளையாடும் படகுக் கிளப் ஒன்று இருந்தது. அங்கே அவர் டிரைவர். தொண்ணூறுகளின் நடுவில் டிப்ளமோவை முடித்துவிட்டு வேலை இல்லாமல் ஊரில் சுற்றிக்கொண்டிருந்த என்னை அக்கா வரச் சொன்னாள். அவர்களும் சின்ன மகளும் இருந்த, ஒரே அறையும் சமையலறையுமான வீட்டில் எனக்கும் ஒரு பாய் விரித்தார்கள். இரண்டே மாதத்தில் மாமா முதலாளியிடம் பேசி என்னைக் கிளப்பில் மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டார். “டிப்ளமோ படிச்சவன் சார், என் சம்சாரத்தோட தம்பி” என்று இந்தியில் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை எனக்குக் கூச்சமாக இருந்தது. காலையில் அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவேன். வழியில் தெருவோர டீக்கடை டபரியில் நிறுத்தி எனக்கு வடாபாவும் சாயாவும் வாங்கித் தருவார். “தின்னு மச்சான், உங்கக்கா என்னக் கேப்பா” என்பார். அந்த வீட்டில் நான் ஆறு வருஷம் சாப்பிட்டேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பதைச் சின்ன வயதில் பாட்டுப்போலச் சொல்லித் திரிந்திருக்கிறேன். அர்த்தம் பின்னால்தான் விளங்கியது.

கிளப்பின் பெரிய படகு இருபதடி நீளம். இஞ்சின் படகுக்குள்ளேயே பின்பக்கப் பெட்டியில் இருக்கும். வெளியே தண்ணீரில் ஒரு கால் தொங்கும். அதன் நுனியில் புரொப்பெல்லர். எட்டுப் பேர் ஏறிவிட்டால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் திணறும். பிறகுதான் தண்ணீர்மேல் படிந்து ஓடும். ஓடும்போதும் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். நான் அப்போது இஞ்சின் கம்பெனிகளின் கையேடுகளை விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தேன். ஒரே காலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர்கள், ஒன்று வலப்பக்கம் சுற்ற மற்றது இடப்பக்கம் சுற்றும் புதுமாதிரிக் கால் வந்திருந்தது. ஒன்றின் இழுப்பை மற்றது அடித்துவிடும். படகு சட்டென்று கிளம்பும், நேராக ஓடும். முதலாளியிடம் இதைப் பற்றி ஓயாமல் பேசினேன். ஒருநாள் அவர் கரையில் எல்லாரையும் வைத்துக்கொண்டு மாமாவின் அபிப்பிராயத்தைக் கேட்டார்.

மாமா யோசித்துத்தான் சொன்னார். கோடையில் தண்ணீர் இறங்கினால் மூழ்கிப்போன பழைய ஊரின் சுவர்களும் மரக்கட்டைகளும் மேலே வந்துவிடும். வருஷத்துக்கு ஒரு முறையாவது புரொப்பெல்லர் எதிலாவது அடிபடும். ஒன்று இருந்தால் ஒன்று போகும், இரண்டு இருந்தால் இரண்டும் போகும், இங்கே அது கிடைக்கவும் செய்யாது. நியாயமான பேச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே, “மச்சான் கிதாப் படிச்சுட்டு வந்துக்கிறான் சார். அந்தக் கிதாப்புல நம்ம ஏரி இல்ல” என்று இந்தியில் சொன்னார். முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். மிதவையில் கயிறு கட்டும் கிழவர், நாங்கள் காகா என்று கூப்பிடும் அந்த ஊர் மராத்திக்காரர், பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தார். டீக்கடைக்காரர்கூடச் சிரித்தார். மாமாவின் கேலியில் விஷம் கிடையாது, வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். ஆனால் எனக்கு இருபத்து மூன்று வயது. மூக்குடைபட்டவனாக ஒர்க்‌ஷாப்புக்குள் போய்ச் சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. அன்றிரவு அக்கா மீன்குழம்பு வைத்திருந்தாள். வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன்.

முதலாளி கடைசியில் என் பேச்சைத்தான் கேட்டார். மும்பையில் யாரோ கழற்றிப்போட்ட இரட்டைப் புரொப்பெல்லர்க் கால் ஒன்று கிடைத்தது. அது வந்த வாரம் மாமா குலதெய்வப் பொங்கலுக்காக ஊருக்குப் போயிருந்தார். மும்பையிலிருந்து கூடவே வந்த மெக்கானிக்கும் நானும் அதைப் பொருத்தி, வியாழக்கிழமை தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்த்தோம். கையேட்டில் படித்ததெல்லாம் சத்தியம். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. மிதவைக்குள்ளிருந்து பின்னால் எடுத்தபோது, மாமாவைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்த நான் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். படகின் பின்பக்கம் அப்படியே வலப்பக்க மிதவையை நோக்கிப் பாய்ந்தது. மெக்கானிக் தாவி லீவரைப் பிடித்து நிறுத்தினார். இது பக்கவாட்டில் இழுக்காது, இதற்கு ஒடிக்கவே கூடாது, பழைய பழக்கம் உள்ள டிரைவர் இருந்தால் முதல் வேலையாக அவரிடம் இதைச் சொல் என்று சொன்னார். போகும்போதும் ஒரு தடவை சொன்னார். தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை புதுக் கால் பொருத்திய படகைக் காட்டுவதாக முதலாளி விருந்தாளிகளை அழைத்திருந்தார். காட்பாடியிலிருந்து வந்த ரயில் தாமதம். மாமா வீட்டுக்குப் போய்க் குளித்தும் குளிக்காமலும் கிளப்புக்கு ஓடி வந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, “இன்னா மச்சான், எல்லாம் ரெடியா?” என்றார். நான் பேசினேன். மூச்சு விடாமல் பேசினேன். பெட்ரோல் முழுதாக ஊற்றியிருக்கிறது, லைஃப் ஜாக்கெட் இரண்டு கிழிந்திருக்கிறது, எட்டுப் பேர் வருகிறார்கள், அதில் ஒருவர் கலெக்டருக்குச் சொந்தம். பத்து விஷயம் சொன்னேன். பதினோராவதைச் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டேன் என்று எழுத இந்த இடத்தில் எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மறக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. விருந்தாளிகளுக்கு முன்னால் படகு கொஞ்சம் கோணிக்கொண்டு போகட்டும், மாமா கொஞ்சம் தடுமாறட்டும், அப்போது நான் கரையிலிருந்து கத்திச் சொல்கிறேன், கிதாப்பில் இந்த ஏரி இருக்கிறதா இல்லையா என்று எல்லாருக்கும் தெரியட்டும். இதுதான் என் மனதில் ஓடியது. வேறு எதுவும் இல்லை.

காகா எப்போதும் வலப்பக்க மிதவையில்தான் உட்காருவார். ஒரு காலைத் தண்ணீர்ப் பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டு கயிற்றை அவிழ்ப்பார். படகு ஒதுங்கினால் இடப்பக்கம்தான் ஒதுங்கும், ஆகவே வலப்பக்கம் ஆபத்தில்லாத பக்கம். இத்தனை வருஷ அனுபவத்தில் அவர் கண்டுபிடித்து வைத்திருந்த இடம் அது. நான் இதை யோசிக்கவில்லை. மாமா தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார், அந்தக் கை தானாக வலப்பக்கம் ஒடித்தது, எட்டுப் பேர் பாரத்துக்காக லீவரைக் கொஞ்சம் அழுத்தமாகவே இழுத்தார். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது. காகாவின் வலதுகால் படகுக்கும் மிதவையின் இரும்பு விளிம்புக்கும் நடுவில் சிக்கியது. அவர் அலறவில்லை. கூட்டம் ஓடி வந்து தூக்கும்போது “காய் நாய், காய் நாய்” என்று, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று எங்களைத்தான் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். மாமா தண்ணீரில் குதித்து அவர் காலைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் முதலாளி எங்கள் இருவரையும் ஆபீஸுக்குள் கூப்பிட்டார். மும்பை மெக்கானிக்கிடம் போனில் விசாரித்திருக்கிறார் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்தது. என்னைப் பார்த்து, “நீ இவர்கிட்ட சொன்னியா இல்லையா?” என்று கேட்டார். சொல்லவில்லை என்றால் என் வேலை போகும், ஒருவேளை போலீசும் வரும். இதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொன்ன பதில் இல்லை. “சொன்னேன் சார்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது ரொம்பக் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு வார்த்தையில் முடிந்துவிடுகிறது. மாமா என்னைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. இல்லை என்று சொல்லப் போகிறார், இப்போது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “சொல்லியிருப்பான் சார். எனக்குத்தான் கவனம் இல்ல” என்றார்.

மாமாவுக்கு வேலை போயிற்று. கொஞ்ச நாளில் பிம்ப்ரியில் ஒரு ஃபேக்டரி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். பட்டாளத்தில் ஆற்று வெள்ளத்தில் படகு ஓட்டியவரை யானைக்கும் அடி சறுக்கும் என்று தாபோடித் தமிழ்க்காரர்கள் ஆறுதல்படுத்தினார்கள். நான் அதே வீட்டில், அதே பாயில் படுத்தேன். அக்கா அதே தட்டில் சோறு போட்டாள். எனக்கு வசதியான ஒரு விளக்கத்தை நான் சீக்கிரமே தயார் செய்துகொண்டேன். மாமாவுக்கு எல்லாம் தெரியும், பெண்டாட்டியின் தம்பி வேலை போகக் கூடாது என்று தன் தலையைக் கொடுத்துவிட்டார், பெரிய மனசு. இப்படி நினைத்தபோது அவரிடம் பக்தி வந்தது, அழுகைகூட வந்தது. அந்த அழுகையில் ஒரு சுகம் இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். தீபாவளிக்கு அவருக்கு நல்ல சட்டைத் துணியாகப் பார்த்து எடுத்தேன். என்றாவது ஒருநாள் அவர் காலில் விழுந்து எல்லாவற்றையும் பேசிக் கழுவிவிடலாம் என்று வைத்திருந்தேன். நான் கிளப்பில் மேலே வந்தேன், கல்யாணமானது, இரண்டாயிரத்துக்குப் பிறகு பிம்ப்ரியிலேயே சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் மாமா கையில் பட்டாள ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். காது பரிசோதனை செய்துகொண்டு வருகிறாராம். “காது நல்லாக்கீதுன்னுட்டாங்க மச்சான்” என்றார். நல்லதுதானே என்றேன். அவர் நல்லது என்று எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சீட்டை மடித்து மடித்துப் பிரித்தார். “அப்பிடின்னா அன்னிக்கு நீ சொன்னது காதுல உய்ந்துக்கீது. மண்டையில நிக்கல. அப்ப கோளாறு மண்டையிலதான?” என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். குத்திக் காட்டுகிறாரா என்று தேடினேன். இல்லை. அந்த மனிதர் டாக்டரிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் என்னைக் காப்பாற்றவில்லை. என்னை நம்பியிருக்கிறார். மச்சான் சொன்னேன் என்றால் சொல்லியிருப்பான், அவன் ஏன் பொய் சொல்லப் போகிறான் என்று, என் வார்த்தையைத் தன் ஞாபகத்துக்கு மேலே வைத்துவிட்டார். அது புரிந்தபின், அதுவரை பார்த்தும் பார்க்காமல் இருந்ததெல்லாம் வரிசையாக விளங்கியது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வது. “இன்னொரு வாட்டி சொல்லு” என்று அக்காவிடம் கடைக்குப் போவதற்கு முன்பு கேட்பது. கேஸை மூடினேனா என்று தெரு முனையிலிருந்து திரும்பி வருவது. ஸ்கூட்டரை விற்றுவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தது. மகளை டபுள்ஸ் ஏற்றிப் போக பயமாக இருக்கிறதாம். வயசாகிறது என்று எல்லாரும் சொன்னோம். அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. காகாவின் கிராமத்துக்கு வருஷா வருஷம் போய், தன் கவனக்குறைவுக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். மூன்று வருஷத்துக்கப்புறம் காகாவே, இனி இதைப் பேசினால் வீட்டுக்கு வராதே என்று திட்டி அனுப்பினாராம். அதையும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஸ்டூலில் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், நடுவில் ஒரு கிரீஸ் டப்பாவைத் தவிர எதுவும் இல்லை. “டென்ஷன் ஆவாதீங்க மாமா, எல்லாருக்கும் நடக்கறதுதான்” என்று சொல்லி சாயா வரவழைத்தேன். பிறகு அவருடைய மகள் கல்யாணம் ஏரவாடாவில் ஒரு ஹாலில் நடந்தது. தாலியை வாங்கி வந்த அன்றே மாமா அதை என் கையில் கொடுத்துவிட்டார். “நீயே வெச்சுக்க மச்சான். நான் எங்கனா வெச்சுட்டு மறந்துருவேன். உன்னாட்டம் பொறுப்பு எனக்கு இல்ல.” பெற்ற மகளின் தாலியைக் கையில் வைத்துக்கொள்ளத் தகுதியில்லை என்று ஒரு மனிதரை நினைக்க வைத்தவன், மூன்று நாள் அதை மடியில் கட்டிக்கொண்டு அலைந்தேன். மேடையில் ஐயர் கேட்டபோது எடுத்துக் கொடுத்தேன். எல்லாரும் தாய்மாமன் எவ்வளவு பொறுப்பு என்றார்கள்.

மாமா இப்போது இல்லை. அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. அவள் பெண்ணும், புனேவிலேயே வளர்ந்த என் மனைவியும், என் பிள்ளைகளும் வீட்டில் தமிழ் பேசுவார்கள், நடுநடுவே மராத்திக்குத் தாவுவார்கள், தமிழ் எழுத்துப் படிக்க யாருக்கும் வராது. ஆகவே இதை நான் தமிழில் எழுதுவதை யாரும் தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் குடும்பத்தில் ஒருவர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து ஒளித்து வைக்கிறேன். தெரிந்தே செய்கிறேன்.

அவர் போவதற்கு முந்தைய வருஷம், ஒரு ஞாயிறு மதியம், எப்படியும் சொல்லிவிடுவது என்று தாபோடிக்குப் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அக்கா இலை போட்டிருந்தாள். மாமாவுக்கு அப்போது உடம்பு இளைத்திருந்தது. சோற்றைக் கொறிப்பார், பாதியில் எழுந்துவிடுவார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவரே கேட்டார்.

“மச்சான், ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்கு நீ எங்க நின்னுக்கினு சொன்ன? நானும் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். லைஃப் ஜாக்கெட் கிழிஞ்சுதுன்னு சொன்னது ஞாபகம் கீது. கலெக்டர் சொந்தக்காரர்னு சொன்ன, அதுவும் ஞாபகம் கீது. இது மட்டும் வரமாட்டேங்குது. எந்த எடத்துல நின்னன்னு சொன்னியானா வந்துரும்.”

அவரே கதவைத் திறந்து விட்டிருந்தார். உள்ளே போகவேண்டியது மட்டும்தான் என் வேலை. அக்கா ரசச் சட்டியோடு வந்து பக்கத்தில் நின்றாள். நான் அக்காவைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், இலையைப் பார்த்தேன்.

“பெட்ரோல் கேன் வெச்சிருந்தோமே மாமா, அங்க” என்றேன்.

மாமா கையில் எடுத்த சோற்றோடு அப்படியே இருந்தார். கண் எங்கேயோ போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக முகம் தெளிந்தது. “ஆமா. ஆமா மச்சான். கேனத் தூக்கிக்கினே சொன்ன. ‘மாமா, ரிவர்ஸுல ஒடிக்காதீங்க’ன்னு சொன்ன. நான்கூட சரின்னு தலையாட்டினேன்” என்றார். அக்காவைப் பார்த்துத் திரும்பி, “பாத்தியா? வந்துருச்சு. மண்டையெல்லாம் நல்லாத்தான்டி கீது எனக்கு” என்றார்.

அன்று அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மோர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினாள். நான் அவர் இலையில் மோர் ஊற்றினேன்.